மேல் வளையத்தில் ஓர் ஓட்டை

பிப்ரவரி 6

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று போட வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. நான் என்ன செய்ய? காலியாகவே இருக்கட்டும்.

உன்னோடு இனிப் பேச மாட்டேன் என்று சொன்னேன். அந்தச் சொல்லில் மாற்றமில்லை. இது பேச்சு இல்லை, எழுத்து. மனம் மாறி போனில் பேச நினைத்தாலும் என்னால் முடியாது என்பது வேறு விஷயம். வாயைத் திறந்தால் என் குரலே இடது காதுக்குள் அண்டாவில் தலையை விட்டுக் கத்தியது போல முழங்குகிறது. மென்றால் அது ஒரு சத்தம். குதிகால் தரையில் பட்டால் அது ஒரு சத்தம். படிக்கும்போது ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குக் கண் திரும்பினால், கண் உருளுகிற சத்தம்கூடக் கேட்கிறது. இதைச் சொன்னதற்குத்தான் அம்மா என்னை மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்தி அன்பாகப் பேசுகிறார்கள். அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது ஒரு காது டாக்டரம்மா கிடைத்திருக்கிறார். அவர் சிரிக்கவில்லை. காதருகே ஒரு விசிலை ஊதிவிட்டு என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். “சத்தம் வந்தா உங்க கண்ணு தானா ஆடுதும்மா. இது மனசு இல்ல, எலும்பு,” என்றார். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றனவாம். தலை எப்படித் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதானாம். அதில் மேல் வளையத்தை மூடியிருக்கும் எலும்பில் எனக்கு ஓட்டை விழுந்திருக்கலாம் என்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் ‘எலும்பு மெல்லியதா, இல்லவே இல்லையா, உறுதியாகச் சொல்ல இயலவில்லை’ என்று எழுதிவிட்டார்கள். சந்தேகத்தை நம்பிக் காதைத் திறக்க மாட்டேன், கோன் பீம் சிடி என்று இன்னும் நுணுக்கமான ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வா என்கிறார். அந்த மெஷின் பல் டாக்டர்களிடம் நிறைய இருக்கிறதாம். காது எலும்பை அதில் நுணுக்கமாக எடுக்கிற இடம் இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதானாம். சீட்டை வாங்கிப் பார்த்தால் நீ வேலை பார்க்கிற சென்டர். என் தலையெழுத்து.

ஜூனில் துறைமுக மருத்துவக் குழு உட்காருகிறது. அதற்குள் எனக்கு என்னவென்று தெரிந்து, அது குணமும் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிரேன் லைசென்ஸ் போய்விடும். கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிற வேலை தயாராக இருக்கிறது என்று ஃபோர்மேன் ஆறுதல் சொன்னார். மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டி இறக்கியவள் நான். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். தள்ளியது என் காது. பறித்தது நீ துறைமுகத்துக்கு எழுதிப்போட்ட புகார்.

அடுத்த வாரம் வருகிறேன். என் வீட்டுக்காரரும், அதுதான் உன் மாமா, வருவார். என்னிடம் சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்.

அக்கா

* * *

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் சேர்த்து நானே போட்டுவிட்டேன்.

புகார் என்கிறாய். அன்றைக்கு லீவில் வந்து, துறைமுக வேலிக்கு வெளியே நின்று உன் கிரேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான். கப்பல் சங்கு ஊதியது. நீ தூக்கியிருந்த பெட்டி ஊஞ்சல் மாதிரி ஆடியது. கீழே இருந்த ஆட்கள் விழுந்தடித்து ஓடினார்கள். இறங்கி வந்தபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை. “காத்து அடிச்சுதுடா,” என்றாய். அன்று ஒரு இலைகூட அசையவில்லை. மறுநாள் மறுபடி ஏறக் கிளம்பினாய். கெஞ்சிப் பார்த்தேன், நீ கேட்கவில்லை. எழுதினேன். திரும்ப அப்படி நடந்தால் திரும்ப எழுதுவேன். நீ என்னோடு பேசாமல் இருக்கிறாய், சரி. பேசாமல் உயிரோடு இருக்கிறாய் அல்லவா, எனக்கு அது போதும்.

இனி தொழில். தோடு, ஹேர்பின், கண்ணாடி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வா. சென்டர் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மாடிப்படி குறுகலாக இருக்கும், கைப்பிடியைப் பிடித்து ஏறு. படுக்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகவாயை ஒரு தாங்கியில் வைக்க வேண்டும், நெற்றியில் ஒரு பட்டை கட்டுவேன். மெஷினின் கை உன் தலையை ஒருமுறை சுற்றிவரும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சுற்றுக்கு எச்சில்கூட விழுங்கக் கூடாது. பெரிய ஸ்கேனைவிட இதில் படம் நுணுக்கமாக விழும், கதிர்வீச்சும் குறைவு. அதற்கு விலை, அசைவைத் துளியும் பொறுக்காது. பல் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பல் பல்லாகத் தெரியும். நீ சொல்கிற எலும்பு வெங்காயத் தோல் கனம்தான். மயிரிழை அசைந்தாலும் இருப்பது இல்லாததாகும், இல்லாதது இருப்பதாகும்.

மாமாவுக்கு என் வணக்கம். அவருக்குத் தூது வேலை புதிது, பாவம்.

தம்பி

* * *

பிப்ரவரி 17

தம்பிக்கு,

பெரிய மெஷின், பெரிய நாற்காலி, கண்ணாடிக்குப் பின்னால் பெரிய மனுஷன் நீ. இரண்டு தரம் எடுத்தாய். இரண்டும் கலங்கல். மூன்றாவது எடுக்க மாட்டேன், வீணாகக் கதிர்வீச்சு கொடுக்கக் கூடாது என்று கையை விரித்தாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

“மாமா, அவங்க ஆடிட்டாங்க,” என்றாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏண்டா, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிற அக்கா உனக்கு ‘அவங்க’வா? உன் மாமா என் பக்கம் திரும்பி, “பயந்துட்டியா?” என்றார். பயமா, எனக்கா. “இல்லன்னு சொல்லுங்க,” என்றேன். “பயமெல்லாம் இல்லையாம்,” என்று உன்னிடம் சொன்னார். “அப்ப ஏன் ஆடினாங்களாம்?” என்று நீ கேட்டாய். அவர் என் முகத்தைப் பார்த்தார், உன் முகத்தைப் பார்த்தார். “பஸ்ல வந்த அலுப்பா இருக்கும்,” என்று தானே ஒரு பதிலைச் செய்து கொடுத்துவிட்டார். சண்டை வளரக் கூடாதாம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். படம் எடுக்கத் தெரியாதவன் பழியை என் தலையில் போடுகிறான். நான் ஆடவில்லை. உன் அறைதான் ஆடியது. நெற்றிப் பட்டையைக் கட்டும்வரை கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மெஷின் சுற்ற ஆரம்பித்ததும் கீ, கீ, கீ என்று கத்தியது பார், முதல் கீயிலேயே எதிர்ச் சுவரும் அதிலிருந்த காலண்டரும் இடதுபக்கம் மேலே ஏறின. கப்பல் சங்கு ஊதினால் எனக்கு என்ன ஆகுமோ அதே. விழுந்துவிடக் கூடாது என்று தாங்கியை இறுகப் பிடித்தேன். பிடித்ததையும் ஆட்டம் என்று எழுதிக்கொள்.

காது டாக்டரம்மாவுக்குத் தெளிவான படம் வேண்டும். அது இல்லையென்றால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லையென்றால் எனக்கு லாரி நம்பர்தான். எழுதிப் பழகிக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

அக்கா

* * *

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். ‘கீ, கீ’ என்ற வரிக்கு வந்ததும் படியேறி ஓடினேன். யாரும் இல்லாத அறையில் நாற்காலியில் நானே உட்கார்ந்து, முகவாயைத் தாங்கியில் வைத்து, கண்ணாடிக்குப் பின்னால் நின்ற உதவிப் பையனிடம் கதிர் இல்லாமல் மெஷினைச் சும்மா சுற்றவிடச் சொன்னேன். பாவி மெஷின். அந்த ஒலிப்பெட்டி நாற்காலியின் இடது கைப்பிடிக்கு மேலே, நேராக உன் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற எனக்கு அது இத்தனை நாளும் கொசு மாதிரித்தான் கேட்டது.

அதைவிடக் கூத்து கேள். சத்தத்தைக் கடைசிவரை கூட்டி வைத்தவன் நான்தான். ‘படம் ஓடுகிறது, அசையாதே’ என்று ஆட்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. அசையாதே என்று சொல்கிற சத்தம் உன் தலையை அசைத்திருக்கிறது.

காது டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “நான் விசில் ஊதிப் பாத்ததும் அதுக்குத்தானே தம்பி. உங்க மெஷின் பாட்டுப் பாடும்னு எனக்கு யாரு சொன்னா? புதுச் சீட்டு எழுதித் தரேன், சத்தத்த அடக்கிட்டு எடுங்க,” என்றார். கலங்கின ரெண்டு படமும் அவருடைய சந்தேகத்துக்குச் சாட்சிதானாம். எங்கள் ஸ்கேன் டாக்டரும் சம்மதித்துவிட்டார். மெக்கானிக் வந்து ஒலிப்பெட்டியை என் பக்கம் மாற்றி வைத்துவிட்டான். உன் காதில் அடைப்பான் வைப்பேன். மோட்டாரின் முனகல் மட்டும் இருக்கும், அதையும் நான் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன், பூனை உறுமுகிற அளவுதான்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாமா தங்கமான மனுஷர். ஆனால் கேட்ட கேள்வி ஒன்று, போய்ச் சேர்ந்த கேள்வி ஒன்று, திரும்பி வந்த பதில் மூன்றாவது ஒன்று. ‘சத்தம் வந்தா அறை சுத்துதுடா’ என்று அன்றே நீ என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் இரண்டாவது படம் தேவைப்பட்டிருக்காது. நானும் உன்னைப் பார்த்தே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இந்தத் தரம் அவர் கீழே இருக்கட்டும்.

தம்பி

* * *

பிப்ரவரி 24

தம்பிக்கு,

திங்கட்கிழமை வருகிறேன். உன் மாமா செருப்புக் கடையில் உட்காருவார், அவருக்கும் செருப்பு தேய்ந்துதான் போயிருக்கிறது. நீ கேட்பதற்கு மட்டும் பதில் சொல்வேன். இதைச் சமாதானம் என்று அம்மாவிடம் சொல்லி வைக்காதே.

அக்கா

* * *

மார்ச் 5

அக்கா,

கிடைத்துவிட்டது.

நீ பஸ் ஏறின பிறகுதான் ஸ்கேன் டாக்டர் வந்தார். நான் பக்கத்தில் நின்றேன். காது எலும்பைத் துண்டு துண்டாகத் திரையில் நகர்த்திப் பார்ப்போம், தெரியுமா, ரொட்டியை மெல்லிசாக வெட்டுகிற மாதிரி. இந்தத் தரம் கலங்கல் என்ற பேச்சே இல்லை. காதுக்குள் இருக்கிற மூன்று குட்டி எலும்புகளில் கடைசியானது, அரிசியைவிடச் சின்னது, அதன் இரண்டு கால்களும் தனித்தனியாகத் தெரிகின்றன. டாக்டர், “யாருய்யா இது, செல மாதிரி உக்காந்திருக்காங்க?” என்றார். “எங்க அக்கா,” என்றேன். சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பிறகு மேல் வளையம் முழுசாகத் தெரிகிற கோணத்துக்குப் படத்தைச் சாய்த்தார். சாதாரணமாக அது ஒரு கறுப்பு வளையம், சுற்றிலும் வெள்ளை எலும்பு. வலது காதில் அப்படியே இருக்கிறது, கோடு கிழித்த மாதிரி. இடது காதில் வளையத்தின் உச்சியில் வெள்ளையைக் காணோம். ஒன்றரை மில்லிமீட்டருக்கு எலும்பே இல்லை. மெல்லியது இல்லை அக்கா, இல்லவே இல்லை. சத்தம் வந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் அந்தத் திறப்புப் பக்கம் தள்ளப்படுகிறது, உன் மூளை தலை சாய்கிறது என்று நினைத்துக்கொள்கிறது. உன் குரலும் உன் கண் உருளுவதும் அந்த வழியாகத்தான் உனக்குக் கேட்டிருக்கிறது. டாக்டர் பேனா முனையால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காத மாதிரி ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தார்.

நீ சொன்னதெல்லாம் நிஜம். ஒவ்வொரு சத்தமும் நிஜம். படத்தை இரண்டு பிரதி போட்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்று டாக்டரம்மாவுக்கு, ஒன்று நீ யாருக்குக் காட்ட வேண்டுமோ அவர்களுக்கு.

தம்பி

* * *

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

யாருக்குக் காட்ட வேண்டுமோ என்றாய். யாருக்குக் காட்டவில்லை என்று கேள். முதலில் அம்மா. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “இந்தா பாரும்மா, உன் மகளுக்குப் பைத்தியம் இல்ல, ஓட்டை,” என்றேன். அம்மா வெகுநேரம் பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியலடி,” என்றாள். விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தைத் தடவினாள், ஏதோ என் காதையே தடவுகிற மாதிரி. அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுகையும் அண்டாவுக்குள் கேட்டது. இருக்கட்டும்.

பிறகு குரலைத் தாழ்த்தி அன்பு காட்டிய சொந்தங்கள். ஒவ்வொரு வீடாகப் போனேன், தேர்தலுக்கு ஓட்டுக் கேட்கிற மாதிரி. உன் மாமா புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே வந்து, “நான் அப்பவே சொன்னேன்,” என்றார் எல்லாரிடமும். அவர் எப்போதும் எதுவும் சொன்னதில்லை. கடைசியில் துறைமுகக் கேன்டீன். ‘கண்ணு உருள்ற சத்தம் கேக்குதாம்’ என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் அங்கேதான் டீ குடிப்பார்கள். படத்தை மேசை நடுவில் வைத்தேன். ஃபோர்மேன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “இத்துனூண்டு ஓட்டைக்கா இத்தனை கூத்து?” என்றார். “கப்பல் மூழ்க எத்துனூண்டு வேணும்?” என்றேன். சிரித்தார்கள், இந்தத் தரம் என்னோடு சேர்ந்து.

ஆபரேஷன் ஏப்ரல் முதல் வாரம். காதுக்குப் பின்னால் திறந்து, எலும்புத் தூளை வைத்து அந்த வளையத்தை அடைத்துவிடுவாராம். டாக்டரம்மா ஒளிக்காமல் பேசுகிறவர். நூற்றில் சிலருக்கு அந்தக் காது கேட்காமலே போய்விடலாம் என்றார். சில வாரம் குடிகாரி மாதிரித் தள்ளாடுவேன் என்றும் சொன்னார். கேன்டீனில் வாய் கிழியப் பேசினேனே தவிர, வீட்டுக்கு வந்ததும் ஆபரேஷன் சம்மதத் தாளைக் கையெழுத்துப் போடாமலே மடித்து வைத்துவிட்டேன். ஒரு காது போனால் லைசென்ஸும் போகும். சும்மா இருந்தாலும் போகும். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை. ஆனால் எழுது.

அக்கா

* * *

மார்ச் 16

அன்புள்ள அக்கா,

செய் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல மனசு இல்லை. எனக்குத் தெரிந்தது படம் மட்டும்தான், அதைச் சொல்கிறேன். சுற்றிலும் எலும்பு நன்றாக இருக்கிறது, நத்தை ஓடு மாதிரி இருக்கிற கேட்கும் உறுப்பில் ஒரு கீறல்கூட இல்லை. போன வாரம் எங்கள் சென்டருக்கு வந்த டாக்டரம்மா என் எதிரிலேயே அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று விரலால் வழி போட்டுக்கொண்டார். தெரியாத இடத்துக்கு அவர் போகப்போவதில்லை.

அன்றைக்கு நான் லீவு போட்டிருக்கிறேன். ஆபரேஷன் அறை வாசலில் நிற்பேன். பேச வேண்டாம்.

தம்பி

* * *

மே 9

அன்புள்ள அக்கா,

ஆபரேஷன் முடிந்த ஒரு மாதத்திலேயே நீ சுவரைப் பிடிக்காமல் சமையலறைக்கும் வாசலுக்கும் நடக்கிறாய் என்று மாமா சொன்னார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளினாலும் நல்ல செய்திதான். காது பரிசோதனைத் தாளையும் அனுப்பியிருந்தார். நாலு தரம் படித்தேன். கேட்கிறது. முழுசாகக் கேட்கிறது.

கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்தித் தலையை ஆட்டுகிற பயிற்சியை நீ கோபத்தோடு செய்கிறாயாம். கோபத்தோடாவது செய். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

தம்பி

* * *

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

குழுவில் மூன்று பேர். உன் படம், ஆபரேஷன் ரிப்போர்ட், காதுச் சோதனை, நடைச் சோதனை எல்லாவற்றையும் புரட்டினார்கள். நடுவில் இருந்த பெரிய டாக்டர், “பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கும்மா. கப்பல் சங்கு ஊதினா என்ன பண்ணுவீங்க?” என்றார். “ஊதச் சொல்லுங்க, பாக்கலாம்,” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர்கள் நிஜமாகவே எழுந்து வந்துவிட்டார்கள்.

கீழே ஆட்களை எல்லாம் விலக்கினார்கள். காலிப் பெட்டி. மேலே போய்க் கேபினில் உட்கார்ந்தேன். கால்களுக்கு நடுவில் கண்ணாடித் தரை, அதற்குக் கீழே அத்தனை உயரம். பெட்டியைத் தூக்கி, லாரிக்கு நேராகக் கொண்டுவந்தேன். அப்போது ஊதினார்கள். சுவர் ஏறப்போகிறது, கடல் சாயப்போகிறது என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். கடல் கடலாகவே இருந்தது. மறுபடி ஊதினார்கள், நீளமாக. வெறும் சத்தம், தம்பி. காதில் வந்து காதோடு போகிற வெறும் சத்தம். பெட்டியை இறக்கினேன். நாலு மூலையும் லாரியின் நாலு பூட்டிலும் ஒரே தரத்தில் உட்கார்ந்தது. மேலே தனியாக இருந்தேன், அதனால் தொண்டை கிழியக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. என் குரல் எல்லாருடைய குரலையும் போல வெளியே போய்விட்டது.

இறங்கி வந்ததும் பெரிய டாக்டர் கையைக் கொடுத்தார். ஃபோர்மேன் பக்கத்தில் நின்ற ஆட்களைப் பார்த்து, “நாளைக்கு இவங்க கிரேனுக்குக் கீழ நிக்க யாருக்காவது பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க,” என்றார். ஒரு பெரியவர் முன்னால் வந்து, “நான் நிக்கறேம்மா,” என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. மேலே இருக்கிறவளுக்குத் தொப்பிகள்தான் தெரியும். கீழே வேலி ஓரமாக நின்றவனுக்கு முகங்கள் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு நீ புகார் எழுதியது சரி. ஒரு தரம்தான் சொல்வேன், மறுபடி கேட்காதே. காலை ஷிப்டுக்கு நேரமாகிறது, ஒரு பெரிய கப்பல் வந்து நிற்கிறது, மேலே ஏறப் போகிறேன்.

கிரேன் ஓட்டுகிற உன் அக்கா